90 நிமிடத்தில் ஒரு செமஸ்டர்

கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும். ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டது. அதன் பிறகு பூனை, ஆட்டுக்குட்டி என நான்கு காலில் எது வந்தாலும் குழந்தை வீறிட்டு அழுகிறது. இதற்கு உளவியலில் என்ன பெயர்? கீழே ஐந்து விடைகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். 90 நிமிடத்தில் சுமார் 95 கேள்விகள் என்பதால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் 1920-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தவர்களுக்கு இதில் சிரமம் இல்லை. கைக்குழந்தை ஒன்று வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் அவர்கள் இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்து ஓசை எழுப்பினார்கள். குழந்தை எலிக்கு மட்டும் பயப்படவில்லை. முயலுக்கும், ரோமம் உள்ள வேறு பொருள்களுக்கும் பயப்பட ஆரம்பித்தது. ஒன்றிடம் கற்ற பயத்தை அதைப்போன்ற மற்றவற்றின் மேலும் ஏற்றிக்கொள்வதற்குப் பெயர் பொதுமையாக்கம். விடை தெரியாவிட்டால் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

கடைசிக் கேள்வியை முடித்த சற்று நேரத்தில் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். அளவு 20-இல் தொடங்கி 80-இல் முடிகிறது. 50 வந்தால், கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து படிக்கும் 'உளவியல் அறிமுகம்' என்ற பாடத்தைப் படித்து முடித்ததாகக் கணக்கு. 49 வந்தால் ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் 50 எடுத்தவருக்கும் 78 எடுத்தவருக்கும் கிடைப்பது ஒரே பலன்தான். முதல் மதிப்பெண் மோகத்தில் வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

தேர்வின் பெயர் கிளெப். அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் 1967 முதல் இதையும் நடத்துகிறது. மொத்தம் 34 பாடங்கள். அமெரிக்கத் தமிழ் வீடுகளில் ஏ.பி. என்ற இரண்டெழுத்தைத் தெரியாத பெற்றோர் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் எழுதும் தேர்வு அது. அதுவும் காலேஜ் போர்டின் பிள்ளைதான். ஆனால் ஏ.பி. செல்லப்பிள்ளை என்றால் கிளெப் சவலைப்பிள்ளை. ஏ.பி. பற்றி விருந்துகளில் பேசுவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், படிப்பைப் பாதியில் விட்டவர், ராணுவத்தில் இருப்பவர் என்று கிளெப்பைத் தேடி வருபவர்கள் வேறு வகை. வயது வரம்பு இல்லை, எந்தப் பள்ளியிலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை, ஆண்டு முழுக்க எழுதலாம்.

தமிழ்நாட்டில் இப்படி எழுதுபவருக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தனித்தேர்வர். "பிரைவேட்டா எழுதிப் பாஸ் பண்ணான்" என்று சொல்வோமே, அதேதான். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்பதெல்லாம் கேள்வி இல்லை, தாளில் என்ன எழுதுகிறாய் என்பதே பேச்சு. இந்த எண்ணத்துக்குத் தமிழரோடு பழைய உறவும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் தன் பட்டத் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய யுனிவர்சிட்டி காலேஜ், 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை, மாணவர்களை அந்த லண்டன் தேர்வுக்குத்தான் தயார்செய்தது. யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையில் பெயருக்குப் பின்னால் லண்டன் பி.ஏ. என்று போட்டுக்கொண்டவர்களில் லண்டனைக் கண்ணால் பார்க்காதவர்கள் உண்டு.

அமெரிக்காவில் இந்த வழக்கம் ராணுவத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சிப்பாய்களுக்கு அஞ்சல் வழியில் பாடம் நடத்த 1942-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிச் செலவைக் கொடுத்தது. கல்லூரிக்கு வந்து நின்றவன், கப்பலில் இருந்தபோதே ரேடியோ இயக்கவும் கணக்குப் போடவும் கற்றவன். அவனை முதல் பாடத்திலிருந்து உட்கார வைப்பதா? அமெரிக்கக் கல்விக் கவுன்சில் என்ற அமைப்பு இதற்கெல்லாம் எவ்வளவு கிரெடிட் தரலாம் என்று பரிந்துரை சொல்ல ஆரம்பித்தது. இன்றும் கிளெப்புக்கு 50 என்ற எல்லையைப் பரிந்துரைப்பது அந்தக் கவுன்சில்தான்.

கிரெடிட் என்றதும் கார்டும் கடனும் நினைவுக்கு வரலாம். இங்கே அது படிப்பை அளக்கும் படி. வாரம் மூன்று மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் வகுப்பில் உட்கார்ந்தால் 3 கிரெடிட். 120 சேர்ந்தால் இளங்கலைப் பட்டம். நம் கல்லூரிகளிலும் இப்போது இதே பேச்சுதான்.

அந்த 120-க்கு ஆகும் செலவுதான் அமெரிக்கர்களை வேறு வழி தேடவைக்கிறது. 2024-25 கல்வியாண்டில், சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கான சராசரிக் கட்டணம் 11,610 டாலர். தனியார் கல்லூரி என்றால் 43,350. இவை ஓராண்டுக்கு, அதுவும் படிப்புக்கு மட்டும். தங்குவதும் சாப்பிடுவதும் இதில் சேரவில்லை. கல்லூரியில் சேர்ந்து கொஞ்சம் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் நின்றுபோனவர்கள் அந்நாட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேல்.

உளவியலோ அங்கே கூட்டம் அலைமோதும் படிப்பு. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இளங்கலை முடிக்கிறார்கள். தேர்வெழுதிக் கிரெடிட் சேர்ப்பதற்கு வசதியான பாடமும்கூட. கிளெப்பில் மட்டும் 'உளவியல் அறிமுகம்', 'மனித வளர்ச்சி', 'கல்வி உளவியல்' என்று மூன்று தாள்கள் நேரடியாக இந்தத் துறையைச் சேர்ந்தவை. பக்கத்து வீட்டுக்காரராக 'சமூகவியல் அறிமுகம்' இருக்கிறது. டி.எஸ்.எஸ்.டி. என்று இன்னொரு தேர்வு வரிசை உண்டு. ராணுவத்தினருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் திறந்தது. அதில் 200 முதல் 500 வரை அளவு, 400 வந்தால் தேர்ச்சி. ஆலோசனைக் கலை, போதைப் பழக்கம், புள்ளியியல், வாழ்நாள் வளர்ச்சி ஆகிய தாள்கள் அங்கே கிடைக்கும்.

இவற்றையெல்லாம் எப்படிக் கோப்பது என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் விளங்கும். நியூ ஜெர்சியில் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நிற்கும் முப்பது வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாண்டுகளுக்கு முன் கம்யூனிட்டி காலேஜில் 24 கிரெடிட் எடுத்துவிட்டு, குழந்தை பிறந்ததும் நின்றவள். மனநல ஆலோசகராக வேண்டும் என்பது ஆசை. சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட தாளை விரித்து, பழைய 24-ஐ மேலே எழுதுகிறாள். அதன் கீழே கிளெப் தாள்கள்: உளவியல் அறிமுகம் 3, மனித வளர்ச்சி 3, கல்வி உளவியல் 3, சமூகவியல் 3, அமெரிக்க அரசு முறை 3, அமெரிக்க வரலாறு முதல் பகுதி 3, கலையும் இலக்கியமும் 3, உயிரியல் மட்டும் 6. கூட்டினால் 27. அடுத்து டி.எஸ்.எஸ்.டி. புள்ளியியல், ஆலோசனைக் கலை, போதைப் பழக்கம், மூன்றும் தலா 3 என்று ஒன்பது. 24-ம் 27-ம் 9-ம் சேர்ந்து 60. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, தாளில்.

பதினோரு தேர்வு. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 100 டாலர் அளவில் வரும், மையத்தில் வாங்கும் சேவைக் கட்டணம் தனி. 36 கிரெடிட், அதாவது ஓராண்டுப் படிப்புக்கும் கூடுதல், ஆயிரத்துச் சொச்சம் டாலரில் முடிகிறது. கிளெப் தாள்களுக்கு அதையும் குறைக்க வழி உண்டு. ஸ்டீவன் கிளின்ஸ்கி என்ற முதலீட்டாளர் தொடங்கிய மாடர்ன் ஸ்டேட்ஸ் என்னும் தொண்டு நிறுவனம் அந்தப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தை முடிப்பவருக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கொடுக்கிறது. முதலாண்டுக் கல்லூரியை இலவசமாக்குவது என்பதுதான் அவர்கள் முழக்கம். ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கு அரசே கட்டணம் கட்டிவிடுகிறது.

இவ்வளவு மலிவு என்றால் எல்லாரும் ஏன் செய்வதில்லை?

முதல் காரணம், கிரெடிட் தருவது காலேஜ் போர்டு அல்ல, கல்லூரி. அமெரிக்கா முழுக்கச் சுமார் 2,900 கல்லூரிகள் கிளெப்பை ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் எந்தத் தாளை, எத்தனை மதிப்பெண்ணுக்கு, எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது என்பது அவரவர் வீட்டுச் சட்டம். ஓரிடத்தில் 50 போதும், இன்னோரிடத்தில் கூடக் கேட்பார்கள். சில கல்லூரிகள் கிரெடிட் கொடுத்துவிட்டு அதை விருப்பப் பாடக் கணக்கில் போட்டு வைக்கும், துறைப் பாடமாகக் கொள்ளாது. பேர் பெற்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் கதவையே திறக்காது. ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி இருப்பதால் அங்கே குழப்பம் குறைவு. மற்ற இடங்களில் எந்தக் கல்லூரி என்று முடிவுசெய்யாமல் தேர்வெழுதக் கிளம்புவது, எந்த ஊர் என்று தெரியாமல் டிக்கெட் எடுப்பதுதான்.

இரண்டாவது, ஒரே பாடத்தை இருமுறை விற்க முடியாது. கிளெப்பில் 'மனித வளர்ச்சி' எழுதியவள், டி.எஸ்.எஸ்.டி.யில் 'வாழ்நாள் வளர்ச்சி' எழுதினால் இரண்டாவதற்குக் கிரெடிட் கிடைக்காமல் போகலாம். இரண்டிலும் பியாஜே, எரிக்சன் ஆகியோரின் வளர்ச்சிக் கோட்பாடுகள், குழந்தை எப்போது தவழும் என்று ஏறக்குறைய ஒரே சரக்கு. பெயர் வேறு என்பதால் ஏமாந்து பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் பெரிய மதில். இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுப் பாடங்களுக்கானவை. உளவியல் பட்டத்தின் சாரமோ கடைசி இரண்டாண்டில் இருக்கிறது. பிறழ்வு உளவியல், சமூக உளவியல், அறிதல், மூளையும் நடத்தையும், ஆராய்ச்சி முறைகள், முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தேர்வு கிடையாது. ஒரு காலத்தில் மாயக் குறுக்குவழி ஒன்று இருந்தது. முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. உளவியல் தேர்வு ஒன்றை எழுதினால், சில கல்லூரிகள் 30 கிரெடிட் வரை தூக்கிக் கொடுத்தன. மூன்று மணி நேரத்துக்குள் ஓராண்டுப் படிப்பு! இப்போது அதை நம்பி யாரும் கணக்குப் போடுவதில்லை.

அப்படிக் கொடுத்தவை லேசுப்பட்ட கல்லூரிகள் அல்ல. 1970-இல் நியூயார்க் மாநிலக் கல்வி ஆணையராகப் பொறுப்பேற்ற ஈவால்டு நைக்விஸ்ட், வகுப்புக்கே வராதவருக்கும் பட்டம் தரும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மறு ஆண்டு அது உருப்பெற்றது. இன்றைய எக்செல்சியர் பல்கலைக்கழகம் அதன் வாரிசு. 1972-இல் நியூ ஜெர்சியின் டிரென்டனில் தாமஸ் எடிசன் பெயரில் ஒன்று, 1973-இல் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் என்று இன்னொன்று தொடங்கின. பள்ளியில் சில மாதங்களே தாக்குப்பிடித்த எடிசனின் பெயரை இப்படிப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு வைத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று கல்லூரிகளுமே முறையான அங்கீகாரம் பெற்றவை. முகவரி மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் விற்கும் கும்பலோடு இவற்றைச் சேர்த்துவிடக் கூடாது. வெளியே சம்பாதித்த கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பார்கள், ஆனாலும் சில பாடங்களை, குறிப்பாக முடிவில் வரும் ஆய்வுப் பாடத்தை, தங்களிடமே படிக்கச் சொல்வார்கள். தாமஸ் எடிசன் பல்கலைக்கழகம் டீசெப் என்ற பெயரில் சொந்தமாகவும் தேர்வுகள் நடத்துகிறது. இவற்றோடு மாதச் சந்தாவுக்கு இணையப் பாடம் நடத்தும் நிறுவனங்களும் இப்போது வந்துவிட்டன.

நம் மருந்துக் கடைப் பெண் தாளை மறுபடி எடுக்கிறாள். இம்முறை கீழிருந்து மேலாகப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது மனநல ஆலோசகர் வேலை. அமெரிக்காவில் இளங்கலை உளவியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆலோசகருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அதன் பிறகு அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பயிற்சி, பிறகுதான் மாநில உரிமம். உளவியலாளர் என்று பலகை மாட்ட முனைவர் பட்டமும் ஈ.பி.பி.பி. என்ற உரிமத் தேர்வும் வேண்டும். ஆக, அவள் இப்போது கட்டுவது வீடல்ல, முதல் படிக்கட்டு. அடுத்த படியில் உட்கார்ந்திருக்கும் முதுகலைச் சேர்க்கைக் குழு அவள் தாளில் எதைப் பார்க்கும்?

கலையும் இலக்கியமும் தாளை எங்கே எழுதினாய் என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. ஆனால் புள்ளியியலில் என்ன கிரேடு, ஆராய்ச்சி முறைகளில் என்ன கிரேடு என்று கேட்பார்கள். தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது, தேர்ச்சி என்ற சொல் மட்டும்தான். அது சராசரியில் சேராது. பழைய 24 கிரெடிட்டில் இரண்டு 'சி' கிடந்தால், அவற்றைத் தூக்கி நிறுத்தப் புதிய 'ஏ' எதுவும் வராது. இது பலர் கவனிக்காமல் விடும் இடம். யாரும் உற்றுப் பார்க்காத பாடத்தில் காசு மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனம். உற்றுப் பார்க்கப்போகும் பாடத்தில் மிச்சம் பிடிப்பது பின்னால் செலவு வைக்கும். பட்டமே போதும், இப்போதைய வேலையில் பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் எவ்வளவு தேர்வு கிடைக்கிறதோ அவ்வளவையும் எழுதிவிட்டுப் போகலாம்.

அவள் புள்ளியியலுக்கு நேரே இருந்த டி.எஸ்.எஸ்.டி.யை அடித்துவிட்டு, 'கம்யூனிட்டி காலேஜ், மாலை வகுப்பு' என்று எழுதுகிறாள். சில நூறு டாலர் கூடுகிறது, கிரேடு ஒன்று கிடைக்கும்.

இந்தியாவிலிருந்து படிக்கப் போகும் மாணவர்களுக்கு இந்தத் தாள் அப்படியே பொருந்தாது. எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேர மாணவராக வகுப்பில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இணைய வகுப்பு ஒன்றுக்கு மேல் செல்லாது, தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட்டும் சேராது. அவர்களுக்கு இதனால் கிடைப்பது, ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்து அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது. பட்டத்தோடு ஊர் திரும்ப நினைப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முழுக்க இணைய வழியில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் சமநிலைச் சான்று வாங்குவது லேசில்லை.

அமெரிக்காவிலேயே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் விஷயம் வேறு. பள்ளியில் ஏ.பி. உளவியலை எடுக்கத் தவறியவர்கள், அதே பாடத்தைக் கோடை விடுமுறையில் கிளெப்பாக எழுதிவிடலாம். ஆறு வாரப் படிப்பு, நூலகத்தில் கிடைக்கும் ஒரு பாடநூல், பழகிப் பார்க்கச் சில மாதிரித் தாள்கள் போதும் என்பது எழுதியவர்கள் சொல்லும் கணக்கு. பாடத்திட்டத்தை முதலில் பார்ப்பது நல்லது. 'உளவியல் அறிமுகம்' தாளில் ஃபிராய்டும் கனவும் வருவதைவிட, சோதனையை எப்படி வடிவமைப்பது, மூளையில் எந்தப் பகுதி என்ன செய்கிறது, நினைவு எப்படிப் பதிகிறது என்பவை அதிகம் வரும். மனோதத்துவம் என்றால் மனதைப் படிப்பது என்று நினைத்து வந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி அங்கேதான். பதிவுசெய்யும்போதே கல்லூரியின் பெயரைக் கொடுத்துவிட்டால் மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பிவிடுவார்கள். பெயர் கொடுக்காதவருக்கும் பாதகமில்லை, மதிப்பெண்ணை 20 ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் தாள் நிறைந்துவிட்டது. எந்தக் கல்லூரி என்பதற்கு நேரே ஒரு பெயர், சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலின் வாசகம், 'எந்தத் தாளை எதற்கு ஈடாக ஏற்பீர்கள், எழுத்தில் தாருங்கள்' என்று. முதல் தேர்வுக்கு மார்ச், தவறினால் ஜூன். ஓரத்தில் அடித்துத் திருத்திய கூட்டல். கடைசி வரி மட்டும் காலியாக இருக்கிறது. முதுகலை விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், அவளை நேரில் தெரிந்த பேராசிரியர் எழுதியதாக. தேர்வுகளை மட்டும் நம்பினால், கிளெப் மையத்தில் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் பெண்மணியைத் தவிர வேறு யாருக்கும் அவளைத் தெரிந்திருக்காது. அவள் புள்ளியியல் மாலை வகுப்புக்குக் கீழே, அதே கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் நடத்துவது யார் என்று பார்க்க ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறாள்.